ரெண்டும் எங்கட ஊடுதான்

மகன்,

ஸலாம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கதை சொல்லிச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அதைப் பற்றி உன்னோடு கதைக்க வேண்டும். போனில் தொடங்கினால் உன் உம்மா நடுவில் புகுந்து "சாப்பிட்டியா மகன்" என்று கேட்டு, விஷயத்தைச் சோற்றுக்கும் கறிக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்து ஊராருக்கெல்லாம் சான்றிதழ் எழுதிக் கொடுத்த கை இது. பெற்ற பிள்ளைக்கு எழுத இவ்வளவு தயங்கும் என்று நான் நினைக்கவில்லை. முடித்ததும் மூத்த மகள், உன் ராத்தா, படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் என் கண்ணைக் குறை சொல்லு, என்னைச் சொல்லாதே.

முதலில் நல்ல செய்தி. சாய்ந்தமருதில் உன் மாமனார் தன் மகளுக்குக் கட்டும் வீட்டின் மேல்மாடிக்கு இந்த வாரம் கொங்கிறீட் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எழுபது வயதுக்காரனை மூங்கில் ஏணியில் ஏற்றிவிட்டு, "இது மருமகன்ட அறை, காத்து நல்லா வரும்" என்றார். ஏறும்போது இல்லாத பயம் இறங்கும்போது வந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை, நீயும் சொல்லிவிடாதே. இன்னும் இரண்டு மாதத்தில் உனக்குக் கலியாணம். நம்முடைய பக்கத்து வழக்கப்படி நீ அந்த வீட்டுக்குத்தான் போவாய். வீடு என்பது இங்கே பெண்பிள்ளைக்கு. வீட்டின் உறுதிப் பத்திரம் அவளுடைய பெயரில். ஆண் போய்ச் சேர்ந்துகொள்கிறவன். நானும் அப்படித்தான் நிந்தவூரில் பிறந்து, கல்முனைக்குடியில் உன் உம்மாவின் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தேன். நாற்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் என் பெயரில் ஒரு சாண் சுவர் கிடையாது. அதில் எனக்குக் குறையும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்கு இப்போதே விளங்கியிருக்கும். இருந்தாலும் நீ சொன்ன கதையை நான் திருப்பிச் சொல்கிறேன், சரியாகக் கேட்டேனா என்று பார். புகலிடம் கேட்டு வருகிறவர்களை அதிகாரிகள் விசாரிக்கும்போது, நீ பக்கத்தில் இருந்து அவர்கள் தமிழில் சொல்வதை இங்கிலீசில் சொல்கிறாய். போன வாரம் நம் பக்கத்து மனிதர் ஒருவர் வந்திருந்தார். பெயரும் ஊரும் சொல்லக்கூடாது என்றாய், அது சரிதான். நீ சொன்னது இவ்வளவுதான்: "ஆக்கள் தேடி வந்த அண்டைக்கு எங்க இருந்த எண்டு கேட்டாங்க வாப்பா. 'எங்கட ஊட்ட இருந்தன்' எண்டார். மறுகா பாத்தா, முதல்ல 'எங்கட ஊடு' எண்டு சொன்னது வேற ஊர்ல. ரெண்டுல எது உண்மை எண்டு விசாரிக்கிற அம்மா கேக்கிறா. இந்த மனிசன் என்ன சொல்றார் தெரியுமா? 'ரெண்டும் எங்கட ஊடுதான்' எண்டு! நானும் அப்பிடியே இங்கிலீசில சொல்லிட்டன். அவ அப்பிடியே டைப் பண்ணிட்டா." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்கும் அடக்க முடியவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து இப்படி ஒரு பதில் சொல்லும் நம் ஊர் மனிதரின் முகம் எனக்குக் கண்ணில் வந்தது.

ஒன்று உம்மா வீடு, மற்றது பெண்சாதி வீடு. பிறந்த வீட்டையும் "எங்கட ஊடு" என்போம், போய்ச் சேர்ந்த வீட்டையும் "எங்கட ஊடு" என்போம். கேட்கிறவனுக்கு எது என்று தெரியும், ஏனென்றால் கேட்கிறவனும் அப்படித்தான் சொல்கிறான். அந்த அறையில் அது உனக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை நானே உனக்குப் போன் கோல் எடுத்து, "நீ அத வெளங்கப்படுத்தல்லயா மகன்?" என்று கேட்டேன். "அது என்ட வேல இல்ல வாப்பா. சொன்னதச் சொல்றதுதான் என்ட வேல" என்றாய். ஒரு சொல்லுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்ல அங்கே இடமே கிடையாதா என்று கேட்டேன். "இரிக்கி வாப்பா. கைய உயர்த்திச் சொல்லலாம். ஆனா ஒருத்தரும் செய்றல்ல. செஞ்சா நம்மள அவங்கட ஆள் எண்டு நெனப்பாங்க" என்றாய். பிறகு கோபமாக, "இவங்க வந்து பொய் சொல்லிச் சொல்லித்தான் சட்டமெல்லாம் இறுகிப் போகுது. நேரா வந்த எங்களுக்கும் அதுதான் சுணங்குது" என்றாய்.

உன் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. படிக்கப் போய், வேலை தேடி, ஒவ்வொரு தாளுக்கும் காத்துக் கிடந்து நீ அங்கே காலூன்றியிருக்கிறாய். உன் ஊர் லண்டன் இல்லை, அங்கிருந்து மூன்று மணி நேரம் ரயிலில் வடக்கே போக வேண்டும் என்று நீ எத்தனை தடவை சொன்னாலும், இங்கே எல்லாருக்கும் நீ லண்டன்காரன்தான். அங்கேயோ பஸ்ஸில் ஒருவன் உன்னைப் பார்த்து நீ களவாகப் படகில் வந்தவனா என்று கேட்டிருக்கிறான். அதை நீ உம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாய். இப்போது அந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் இதே வாக்குவாதம்தான் என்கிறாய். வந்தவர்களை ஹோட்டலில் வைப்பதா, திருப்பி அனுப்புவதா, புகலிடம் கொடுத்தாலும் கொஞ்சக் காலத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு மறுபடி மறுபடி விசாரிப்பதா, நிரந்தரமாக இருக்க எத்தனை வருடம் காக்கவைப்பது. ஹோட்டல் வாசலில் ஒரு பக்கம் போகச் சொல்லிச் சத்தம், மறுபக்கம் இருக்கச் சொல்லிச் சத்தம். நானும் செய்தியில் பார்க்கிறேன். அந்த நாட்டு மனிதர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கே வீடு இல்லை, ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று ஒருவன் சொன்னால் அவனுக்கும் காது கொடுக்க வேண்டும்.

ஏனென்றால் நாமும் அதைச் செய்தவர்கள். சுனாமி வந்தபோது நீ நாலாம் வகுப்பு. நம் வீடு மெயின் ரோட்டுக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கத்துச் சனம் எல்லாம் உன் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தார்கள். உன் வகுப்பில் ஐந்து குடும்பம். உனக்கு லீவு கிடைத்த சந்தோசம். முதல் வாரம் தெருவே சோறாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது. உன் உம்மா தன் கலியாணச் சாரியைக்கூடக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் மாதம், அதே தெரு, அதே ஆட்கள், "இவங்க எப்ப பள்ளிக்கூடத்த விடுவாங்க? நம்மட புள்ளகள்ற படிப்பு என்னாகும்?" என்று கேட்டார்கள். மனு எழுதினார்கள். அந்த மனுவை மேலே கொண்டுபோய்க் கொடுத்தது வேறு யாரும் இல்லை, உன் வாப்பாதான். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நேற்று நம்மோடு ஒரே வரிசையில் தொழுதவர்களைப் பற்றிக் கேட்டோம். கடல் தாண்டி வந்த முகம் தெரியாதவனைப் பற்றி வெள்ளைக்காரன் கேட்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பொய் சொல்கிறவர்கள் உண்டு என்று நீ சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்கூட நனையாதவன் வந்து, வீடு போய்விட்டது என்று என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறான். அழுகை முடிந்து போகும்போது நல்ல செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். இப்படி ஏமாந்து ஏமாந்து என் மனதும் கல்லாகிப் போயிருந்தது. வருகிறவன் எல்லாம் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை சுலபம் மகன். யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் சுலபத்தில்தான் நான் ஒரு பிழை விட்டேன். உன் உம்மாவுக்கும் அதை இதுவரை சொன்னதில்லை.

வீட்டுத் திட்டத்துக்குப் பட்டியல் சரிபார்த்த நாட்கள் அவை. ஒரே ஆள் இரண்டு ஊரில் பெயர் கொடுத்திருந்தால் வெட்டிவிடச் சொல்லி மேலிருந்து கட்டளை. பள்ளிக்கூட விறாந்தையில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஆதம்பாவா வந்தார். மருதமுனையில் பிறந்து என் பிரிவில் கலியாணம் முடித்தவர். மீன்வாடிகளுக்கு ஐஸ் ஏற்றும் லொறியில் வேலை. அவருடைய மனைவியின் வீடு அத்திவாரம் மட்டும் மிச்சமாகப் போயிருந்தது. "அலை வரக்குள்ள எங்க இருந்த?" என்று கேட்டேன். "எங்கட ஊட்ட இருந்தன் சேர்." "ஊட்ட இருந்தா எப்பிடித் தப்பின?" "இல்ல சேர், மருதமுனையில. உம்மாக்குச் சுகமில்ல எண்டு போயிருந்தன்." "அப்ப இஞ்ச இருந்தது யார்ர ஊடு?" "அதுவும் எங்கட ஊடுதான் சேர்." எனக்குப் பகிடியாகப் போய்விட்டது. "ஒனக்கு எத்தின ஊடு மச்சான்? ஒண்ட எனக்குத் தாவன்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆதம்பாவாவும் சிரித்தார். மருதமுனையிலும் பெயர் கொடுத்திருப்பார் என்று முடிவுகட்டி, நான் சிவப்புப் பேனையால் அவருடைய பெயருக்கு மேலே ஒரு கோடு போட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் உம்மாவைப் பார்க்கப் பஸ் ஏறினேன். கொண்டக்டர் தெரிந்த பொடியன். "எங்க சேர்?" என்றான். "எங்கட ஊட்ட" என்றேன். அவன் மறுபேச்சில்லாமல் நிந்தவூருக்கு டிக்கெட் தந்தான். நிந்தவூர் என்ற பெயரை நான் சொல்லவே இல்லை. நான் ஏறியது என் பெண்சாதி பிள்ளைகள் இருக்கும் வீட்டு வாசலில். அதையும் தினமும் "எங்கட ஊடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காரைதீவு தாண்டும்போது அந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆதம்பாவா பொய் சொல்லவில்லை என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

இனிச் சொல்லப்போவதுதான் வெட்கக்கேடு. பட்டியல் அப்போதும் என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. திங்கட்கிழமைதான் மேலே போக வேண்டும். ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும். ஆனால் வெட்டிய பெயரைத் திரும்ப எழுதினால், அவனிடம் என்ன வாங்கினாய் என்று கேட்பார்களோ என்று பயந்தேன். அவனுடைய ஆள் என்று நினைப்பார்களோ என்று பயந்தேன். நீ போனில் சொன்ன அதே சொல்லை நான் இருபது வருடத்துக்கு முன்பு எனக்குள் சொல்லிக்கொண்டேன் மகன். பட்டியல் அப்படியே போனது. ஆதம்பாவாவின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஐந்து வருடம் அவளுடைய தங்கச்சி வீட்டுக் குசினியோடு இறக்கிய சாய்ப்பில் இருந்தார்கள். அவர் கட்டாருக்குப் போய் உழைத்துத்தான் அந்த அத்திவாரத்தில் மறுபடி சுவர் எழும்பியது. வழியில் கண்டால் எப்போதும் அவர்தான் முதலில் ஸலாம் சொல்வார். நான் பதில் சொல்லிவிட்டுச் சைக்கிளை வேகமாக மிதிப்பேன்.

உன்னோடு கதைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, அவரைத் தேடிப் போனேன். இப்போது சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஐஸ் கடை வைத்திருக்கிறார். தாடி முழுக்க வெள்ளை. பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்து, மன்னிப்புக் கேட்டேன். அவர் ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு, "நீங்க வெட்டினது எனக்குப் பெரிசா இல்ல சேர்" என்றார். "நீங்க மேல உள்ளவனுக்குப் பயந்த ஆள். அது அண்டைக்கே எனக்குத் தெரியும். எனக்கு மனசில கிடக்கிறது வேற. அந்த வரிசையில நிண்டவன் எல்லாம் நம்மட ஆக்கள். கலியாணம் முடிச்சி வந்த ஆம்புளைகள். அவனுகளுக்கும் ரெண்டு ஊடுதான். ஒருத்தன் வாயத் தொறந்து 'அவர் சொல்றது சரிதான் சேர்' எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே முடிஞ்சிரிக்கும். தெரிஞ்சவன் அவ்வளவு பேரும் சிரிச்சிட்டு நிண்டானுகள்." அதன் பிறகு, மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஸலாம் சொல்லி எழும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு நல்ல ஹயாத்தை, நீண்ட ஆயுளைக் கேட்டு துஆச் செய்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தேன்.

நான் அன்றைக்கு மேசையில் இருந்தவன். நீ அந்த வரிசையில் நிற்கிறாய் மகன். மேசையில் இருக்கும் அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், அவளுக்குத் தெரியாது. எத்தனை பேர் அவளிடம் பொய் சொல்லியிருப்பார்கள், எத்தனை கோவைக் கட்டு அவளுக்கு முன்னால் அடுக்கியிருக்கும். தெரிந்தவன் நீ. அந்த மனிதர் நல்லவரா, மற்றக் கேள்விகளுக்கு உண்மைதான் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அவருக்காக வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை, ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லவில்லை. பொய் சொன்னதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அது அவர் பாடு. உண்மை சொன்னதற்காக அனுப்பக்கூடாது.

சின்ன வயதில் உன்னிடம் அடிக்கடி சொன்ன ஒரு சொல் நினைவிருக்கிறதா, அமானிதம் என்று. பக்கத்து வீட்டார் வெளியூர் போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை நம்மிடம் தந்தால், அதைத் தொலைக்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தந்தேன். நீயும் அந்தத் திறப்பை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனாய். உம்மா சிரித்து மாளவில்லை. இப்போது அந்த மனிதர் தன் பேச்சை உன்னிடம் தந்திருக்கிறார். அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. "எங்கட ஊடு" என்று அவர் தந்ததை நீ இங்கிலீசில் கொடுத்தபோது அதில் பாதி வழியில் விழுந்துவிட்டது. விழுந்ததை நீ பார்த்தாய். எடுத்துக் கொடுக்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது. விசாரணையின் மிச்சம் வியாழக்கிழமை, அதற்கும் நீதான் என்று சொன்னாய். எனக்கு அப்படி ஒரு திங்கட்கிழமை இருந்தது, நான் விட்டுவிட்டேன்.

இதனால் உனக்கு அடுத்த தடவை வேலைக்கு அழைப்பு வராமல் போகலாம் என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மூக்கை என் உம்மாவிடமிருந்து எடுத்தாய், கோபத்தை உன் உம்மாவிடமிருந்து எடுத்தாய், பயத்தை என்னிடமிருந்து எடுத்தாய். வீடு வளவு ஒன்றும் உனக்குக் கொடுக்க என்னிடம் இல்லை, எல்லாம் ராத்தாவுக்குப் போய்விட்டது. கொடுத்த ஒன்றையாவது நல்லதாகக் கொடுத்திருக்கலாம். உன்னைப் பற்றி நான் பெருமைப்படாத நாள் கிடையாது மகன். அதை நேரே சொல்ல எனக்கு வாய் வராது, அதையும் இந்தக் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்.

இவ்வளவையும் எழுதி உன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆதம்பாவா கதையைக் கேட்டதும் எழும்பிக் குசினிக்குப் போய்த் திரும்பி வந்தாள். என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். "இதுக்கு ஏன் இத்தின தாள்?" என்றாள். "அந்த வெள்ளக்காரப் புள்ள 'ஒனக்கு எப்பிடித் தெரியும்' எண்டு கேட்டா, 'என்ட வாப்பா நாப்பது வருசமா எங்கட உம்மாட ஊட்ட இரிந்துக்கிட்டு, நிந்தவூருக்குப் போறத்தத்தான் ஊட்ட போறன் எண்டு சொல்றவர்' எண்டு சொல்லச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு வெளங்கும். எனக்கு வெளங்கத்தான் பத்து வருசம் போச்சி." நாற்பது வருடத்தில் இப்படி ஒரு குறை அவள் மனதில் இருந்ததே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். உன் கலியாணத்துக்கு முன்பு இதை நீயும் தெரிந்துகொள். சாய்ந்தமருதுக்குப் போன பிறகு கொஞ்சம் பார்த்துப் பேசு.

வியாழக்கிழமை அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு கோல் எடு. அந்த மனிதரின் பெயர் எனக்கு வேண்டாம், என்ன முடிவு வருமோ அதுவும் வேண்டாம். கையை உயர்த்தினாயா என்று மட்டும் கேட்பேன். ஓம் என்று சொல்லு, போனை உம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் கடைக்குப் போய் வருகிறேன்.

வாப்பா